படித்த புத்தகத்தை மேசையிலேயே விடுங்கள்

1. நாற்காலி இல்லாத முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேசை தயாராக இருந்தது, நாற்காலி வந்திருக்கவில்லை. சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகம் அது. புதிதாக வரும் நூல்களுக்குப் பொருள் தலைப்பும் எண்ணும் கொடுக்கும் கேட்டலாக் பிரிவில் எனக்கு வேலை. மேசையோரம் நின்றபடியே கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காலித் தள்ளுவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசா? உட்காரக்கூட இடம் குடுக்கலையா?"

"நாற்காலி மத்தியானம் வருமாம்."

"அப்ப மத்தியானம் வரைக்கும் நீ என் ஆளு. வா."

அவர்தான் ஜரீனா அக்கா. வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தேடித் தரும் ரெஃபரன்ஸ் பிரிவில் மூத்த நூலகர். அதற்கு முந்தைய வாரம் விரிவுரையாளர் ஒருவர் அவரிடம், "சிங்கப்பூர்ப் பெண்கள் செய்த வேலைகளைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அக்கா கணினியில் தேடியபோது ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை முழுவதும் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். தையல் வகுப்புக் கையேடு கைவினைப் பகுதியில் இருந்தது. தாதியர் செய்தி மடல் மருத்துவத்தில். கோயில் மாதர் பிரிவின் ஆண்டு மலர் சமயத்தில். வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கை பொருளாதாரத்தில். கிடைத்ததையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றினோம்.

"பாரு கலா, எல்லாரும் இருக்காங்க. ஆளுக்கொரு மாடியில இருக்காங்க. ஒருத்திக்கு இன்னொருத்தி இருக்கறதே தெரியாது."

மத்தியானம் நாற்காலி வந்துவிட்டது. நான் அதில் உட்கார்ந்தபோது மாலையாகிவிட்டது.

2. சனிக்கிழமைக் குழு

அந்தத் தள்ளுவண்டியிலிருந்து தொடங்கியதுதான் எங்கள் பெண்ணியல் குழு. பல்கலைக்கழக, பல்தொழில்நுட்பக் கல்லூரி நூலகங்களில் வேலை செய்த பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் நூலகத்தில் கூடுவோம். பிடோக்கிலிருந்து தீவின் மறுகோடிக்கு ரயிலேறி வருவாள் மெய் லிங். அவள் ஒரு பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நூல்களை இரவல் தரும் சர்குலேஷன் பிரிவைப் பார்த்துக்கொண்டவள். அவள் பேசுவது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

நாலாவது மாடியில், ஜன்னலோரமாக எங்களுக்கு ஓர் அடுக்கு கிடைத்தது. பெண்களின் வாழ்வையும் வேலையையும் பற்றி எங்கு எது கிடைத்தாலும் அதில் சேர்த்தோம். புத்தகங்கள் எளிதில் கிடைத்தன. மெல்லிய மடல்களும் மலர்களும்தான் சிரமம். ஏதாவது ஒரு மாதர் சங்கம் அலுவலகத்தைக் காலி செய்கிறது என்று தெரிந்தால், பழைய பேப்பர் எடுக்கும் காராங்குனிக்காரர் வருவதற்குள் ஜரீனா அக்கா அங்கே போய் நிற்பார். ஒருமுறை அந்தக் காராங்குனிக்காரர் வண்டியில் ஏற்றிவிட்ட மூட்டையையே அக்கா இறக்கவைத்துப் பிரித்துப் பார்த்தாராம்.

கூட்டத்தில் பாதி நேரம் வாக்குவாதம்தான். மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையில் கடை நடத்திய பெண்களைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டுக்கு என்ன தலைப்பு கொடுப்பது என்பதில் ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

"குடும்பம்னு போடு. பிள்ளையை வச்சிக்கிட்டுதானே கடையில நிக்கிறாங்க," என்றாள் மெய் லிங்.

"ஆம்பள கடை வச்சா வணிகம், பொம்பள கடை வச்சா குடும்பமா?" என்றார் அக்கா.

"சரி லா, ரெண்டுலயும் போடு. டீ ஆறிப்போகுது."

டீ என்பது லிட்டில் இந்தியாவின் தேக்காவில். கூட்டம் முடிந்ததும் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குப் போய் உட்காருவோம். கிளம்பும் முன் நாற்காலிகளை உள்ளே தள்ளுவோம், வெள்ளைப்பலகையைத் துடைப்போம், எடுத்துப் படித்தவற்றை அவரவரே அவற்றின் இடத்தில் வைப்போம். அங்கே ஒரு கூட்டம் நடந்ததென்று அடுத்து வருபவருக்குத் தெரியவே தெரியாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

இந்த இடத்தில் நூலக நடைமுறை ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த அடுக்கில் இருந்தவை எளிதில் கிழியக்கூடியவை என்பதால் இரவல் கிடையாது, அங்கேயே படிக்கவேண்டும். படித்து முடித்ததை வாசகர் அடுக்கில் திருப்பி வைக்கக்கூடாது. இடம் மாறி வைத்துவிட்டால் அந்தப் புத்தகம் காணாமல் போனதற்குச் சமம். மேசையில் விட்டுவிட்டால் ஊழியர்கள் சேகரித்து, பார்கோடை ஸ்கேன் செய்து, சரியான இடத்தில் அடுக்குவார்கள். "படித்த புத்தகத்தை மேசையிலேயே விடுங்கள்" என்ற அறிவிப்பு அட்டை ஒவ்வொரு மேசையிலும் இருந்தது. அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

3. மிஸ்டர் குணா கூப்பிட்டார்

பல ஆண்டுகள் கழித்து ஒருநாள், துணை இயக்குநர் மிஸ்டர் குணா என்னைத் தம் அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி என்றால் முதலில் காப்பி தருவார். அன்று காப்பியோடு பிஸ்கட்டும் இருந்தது.

"கலா, நாலாவது மாடி ரினோவேஷன் வருது. ஸ்டூடண்ட்ஸுக்கு டிஸ்கஷன் ரூம் வேணுமாம்."

"தெரியும் சார்."

"எந்த ஷெல்ஃப் எவ்வளவு யூஸ் ஆகுதுன்னு ரிப்போர்ட் எடுத்தோம். உங்க ஜன்னல் ஷெல்ஃபைப் பாருங்க."

தாளைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.

"சார், இது தப்பு. மாசாமாசம் நாங்களே யூஸ் பண்றோம். ஜரீனா அக்கா எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து காட்டறாங்க."

"நீங்க சொன்னா நான் நம்பறேன். சிஸ்டம் நம்பாது லா. புஸ்தகத்தையாவது ஸ்டோருக்கு அனுப்பலாம். இந்த மெல்லிசு மடலெல்லாம் டிஸ்கார்ட்தான். வேற எங்கயும் இடமில்ல." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஜரீனாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு பயமா இருக்கு."

அக்கா அந்த ஆண்டு முடிவில் ஓய்வு பெறவிருந்தார். நான் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"டிஸ்கார்ட்னா, எங்க போகும்?"

"பழைய பேப்பருக்கு, அக்கா."

"காராங்குனிகிட்டேந்து பிடுங்கிட்டு வந்ததை மறுபடி காராங்குனிக்கேவா?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அந்த மடல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. அது அவருக்கும் எனக்கும் தெரியும்.

4. யாரும் அசையாதீங்க

அடுத்த சனிக்கிழமை அவசரக் கூட்டம். இந்த அடுக்கு ஏன் இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சான்று தேடினோம். நான் தாதியர் மடல்களைப் பார்த்தேன். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் தாதியருக்குப் போக்குவரத்து வேண்டும் என்று கேட்டு எழுதிய பக்கத்தை அன்றுதான் முழுமையாகப் படித்தேன். அக்கா ஒரு கோயில் மலரில், மாதர் பிரிவு நடத்திய எழுத்தறிவு வகுப்பின் செய்தியை எங்களுக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டினார். நூலகத்தில் சத்தமாக வாசிக்கக்கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

எழுதி முடித்தோம். வழக்கம்போல் எழுந்தோம். வழக்கம்போல் நாற்காலிகளைத் தள்ளினோம். அவரவர் படித்த மடல்களை எடுத்துக்கொண்டு அடுக்கை நோக்கி நடந்தோம்.

"நில்லுங்க! யாரும் அசையாதீங்க!" என்று மெய் லிங் கத்தினாள்.

பல்லியோ கரப்பானோ என்று நினைத்தேன்.

"ஜரீனா, உங்க கையில என்ன?"

"மலர். ஏன்?"

"எங்க கொண்டு போறீங்க?"

"அதன் இடத்துல வைக்க. வேற எங்க?"

"கலா, நீ?"

நான் கையிலிருந்த தாதியர் மடல்களைப் பார்த்தேன். அவள் மேசையிலிருந்த அறிவிப்பு அட்டையை எடுத்து எங்கள் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதை எழுதின மகராசி யாரு?"

அப்போதுதான் புரிந்தது. இரவல் இல்லாத அடுக்குக்கு ஒரே கணக்கு, மேசையிலிருந்து எடுக்கும்போது நடக்கும் அந்த ஸ்கேன்தான். நாங்களோ இத்தனை ஆண்டுகளும் எதையும் மேசையில் விட்டதே இல்லை. அந்த அட்டை வாசகர்களுக்கு; நமக்குத்தான் சரியான இடம் தெரியுமே என்ற எண்ணம். தேடி வந்த மாணவர்களையும் ஜரீனா அக்கா விடவில்லை. "நீங்க கிளம்புங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்று அனுப்பிவிடுவார். எங்கள் அடுக்கைப் பூஜ்யமாக்கியவர்கள் நாங்களேதான்.

முதலில் சிரித்தோம். மெய் லிங் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"ரொம்ப சுலபம். தினமும் ஒருத்தர் வந்து மொத்தத்தையும் மேசையில பரப்பிட்டுப் போவோம். ஒரு மாசத்துல ரிப்போர்ட் எங்கயோ போயிடும்."

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஜரீனா அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"படிக்காததைப் படிச்சதா காட்டறதா? நாளைக்கு எவனாவது அந்தக் கணக்கை நம்பி ஒரு முடிவெடுப்பான். வேணாம். குணாகிட்ட உண்மையைச் சொல்லுவோம்."

"அவர் சிரிப்பார் அக்கா."

"சிரிக்கட்டும். சிரிச்சா கோபம் வராது."

5. ஒரு செமஸ்டர்

மிஸ்டர் குணா சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்களே போர்டு எழுதி, நீங்களே படிக்கலையா?" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒரு செமஸ்டர் தர்றேன். நிஜமான யூஸ் இருக்கணும். வந்தா பார்க்கலாம். வரலைன்னா என்னைக் கேட்காதீங்க," என்றார்.

அந்த செமஸ்டர் முழுவதும் அக்கா விரிவுரையாளர்களின் அறைக்கதவுகளைத் தட்டினார். வகுப்புகளுக்கு நேரில் போய் மடல்களைக் காட்டினார். மாணவர்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். கூட்டிவருவது எங்களுக்குக் கடினமாக இல்லை. மேசையைக் கலைந்தபடி விட்டுவிட்டுப் போவதுதான் கடினமாக இருந்தது. மடல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கை பரபரக்கும். ஒருநாள் மாணவி ஒருத்தி, நல்ல பிள்ளை, படித்த மடலை அடுக்கில் செருகப் போனாள்.

"தொடாதே!" என்றார் அக்கா. அந்தப் பெண் மடலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பயந்துட்டியாம்மா? ஒண்ணுமில்ல. படிச்சு முடிச்சா அப்படியே போட்டுட்டுப் போ. குப்பை மாதிரி போடு. எனக்காக."

செமஸ்டர் முடிந்து ரிப்போர்ட் வந்தது. பெரிய எண்கள் இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. ஜன்னலோரம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே டிஸ்கஷன் ரூம் வந்தது. புத்தகங்கள் ஸ்டோருக்குப் போயின. கேட்டால் மறுநாள் எடுத்துத் தருவார்கள். மடல்களையும் மலர்களையும் மிஸ்டர் குணா காப்பாற்றிக் கொடுத்தார். மூன்றாவது மாடியில், போட்டோகாப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்கு.

அக்கா வந்து சுற்றிப் பார்த்தார். "ஜன்னல் இல்ல," என்றார். ஒரு மடலை எடுத்துப் புரட்டிவிட்டு, "வெயில் படாது. பேப்பருக்கு அதான் நல்லது," என்றார்.

அவருடைய கடைசி வேலை நாளில், மதிய உணவுக்குப் பிறகு காணவில்லையே என்று தேடிப்போனேன். அந்த அடுக்கின் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் லிஃப்டுக்கு நடந்தார். மேசையில் அவர் படித்த மடல்கள் இருந்தன. எண் வரிசைப்படி, ஓரம் ஓரத்தோடு பொருந்த, நேராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

லிஃப்ட் கதவு மூடும் முன் சொன்னார்: "மேசையிலதானே விட்டிருக்கேன். வரிசையா விடக்கூடாதுன்னு போர்டுல இல்லையே."

6. இப்போது

நான் இப்போது வேறொரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். அண்மையில், இளைய நூலகர் நிவேதா என்னிடம் எங்கள் குழுவின் வரலாற்றைக் கேட்டாள். நூலகர்களுக்கான ஒரு தொகுப்பில் சேர்க்கவேண்டுமாம்.

"எங்க தேடியும் ஒண்ணும் கிடைக்கல அக்கா. மினிட்ஸ் இல்ல, போட்டோ இல்ல. நிஜமாவே அப்படி ஒரு குரூப் இருந்துச்சா?"

நான் நாள்தோறும் குறிப்பு எழுதுகிறவள். பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் ஒரே வரிதான்: "குழுக் கூட்டம். பிறகு தேக்காவில் டீ." யார் என்ன பேசினார்கள் என்று நான் எழுதவில்லை. வெள்ளைப்பலகையைத் துடைத்ததுபோலவே அதையும் துடைத்திருக்கிறேன். மாடி மாடியாக மற்ற பெண்களின் வேலையைத் தேடிச் சேர்த்த நாங்கள், எங்கள் வேலைக்கு ஒரு தாள்கூட வைக்கவில்லை.

ஜரீனா அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப நீதான் எழுதணும்," என்றார்.

"எனக்கு ஞாபகம் இருக்கறது மட்டும்தான் அக்கா இருக்கு. யார் படிப்பாங்க?"

"அது உன் வேலை இல்ல. எழுதி மேசையில போட்டுட்டுப் போ. யாராவது ஸ்கேன் பண்ணுவாங்க."

எழுதத் தொடங்கும் முன் ஒருமுறை பழைய நூலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி அடுக்கு அப்படியே இருந்தது. தாதியர் மடலை எடுத்து, இரவுப் போக்குவரத்து கேட்டு எழுதிய அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். முடித்ததும் எழுந்தேன். அடுக்கருகே போய் நின்றபிறகுதான் மடல் என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

திரும்பி வந்து மேசையில் வைத்தேன். இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: செய்த வேலையைச் சுத்தமாக எடுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், கொஞ்சம் மேசையில் கிடக்கட்டும்.

நாற்காலியை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.