யூனிட் போயிடுச்சும்மா

ஆடி வெள்ளி முடிந்த மறுநாள் காலை லிவியா அம்மா ஆட்டோவில் ஏறிக் கிளம்பியபோது, அருணகிரி அம்மன் கோயில் வேப்பமரத்தின் மேலிருந்து குழாய் ஸ்பீக்கரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்த அந்த இத்தாலிக்கார அம்மா, கீழிருந்து கையசைத்தார். அருணகிரி ஏற்கெனவே அவிழ்ந்துவிட்ட முடிச்சோடு மல்லுக்கட்டுவதுபோல் குனிந்துகொண்டார். ஆட்டோ கிரிவலப் பாதையில் திரும்பிய பிறகுதான் இறங்கினார்.

அடி அண்ணாமலையில் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுதல் எதுவானாலும் அருணகிரியின் மைக் செட்டுதான். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் செருகிய டெஸ்டர். மேடைக்கு முதுகு காட்டி, ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் உட்காருவார். "மூஞ்சியப் பாத்தா கொரலு கேக்காதுங்க" என்பார். மனிதர்களையும் அதே கணக்கில்தான் எடை போடுவார். மனைவி பச்சையம்மாளுக்கு "ட்ரெபிள் ஜாஸ்தி". விழாக் கமிட்டித் தலைவருக்கு "பேஸ் இருக்கு, பவர் கம்மி". பக்கத்து வீட்டுப் பெண்ணான நான் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து இன்னும் பையைப் பிரிக்காமல் இருப்பதால், "லூஸ் கனெக்ஷன்".

லிவியா அம்மாவை மட்டும் அவர் எடை போட்டதில்லை. அந்த அம்மா பேசுவதே அபூர்வம். அக்னி நட்சத்திரத்திலும் கழுத்தில் துணி சுற்றியிருப்பார், ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டார். தொண்டையில் ஏதோ கட்டி என்று பச்சையம்மாள் தானாகவே முடிவு செய்து, வந்த நாளிலிருந்து சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அவரும் மறுக்காமல் குடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவராகவே வந்து, அம்மனுக்கு ஒரு பாட்டுப் பாடலாமா என்று கேட்டார். மேடையில் மைக்கைவிட்டு நாலடி தள்ளி நின்று ஆரம்பித்தார். பாவம், மைக் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்த அருணகிரி, எழுந்துபோய் அதை அவர் வாயருகே நகர்த்தினார். அவர் பின்வாங்கினார். இவர் மறுபடியும் நகர்த்தினார். மரியாதைக்காக எக்கோவையும் ஏற்றி வைத்தார். குரல் உச்சத்துக்குப் போனபோது குழாய் அலறியது. நாய்கள் குரைத்தன. கூழ்ச் சொம்போடு நின்ற கூட்டம் சிரிக்க, இளவட்டங்கள் அதேபோல ஊளையிட்டுக் காட்டினார்கள். நிறுத்தச் சொல்லிக் கமிட்டிக்காரர்கள் சைகை செய்தார்கள்.

அருணகிரி சுவிட்சை அணைத்தார். பாட்டை நிறுத்துங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

"யூனிட் போயிடுச்சும்மா" என்றார். குழாய்க்குள் இருந்து சத்தம் எழுப்பும் பாகம் அது. உண்மையில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்னாலயா?" என்று கேட்டார் லிவியா அம்மா.

அருணகிரி ஆமென்று தலையாட்டிவிட்டார். மறுநாள், தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று பச்சையம்மாளிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா ஊருக்குக் கிளம்பினார்.

அந்த மூன்று வருடமும் நான் வெளிநாட்டில்; இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். நான் திரும்பி வந்தது அடுத்த பொங்கலுக்கு. பச்சையம்மாள் தன் போனில் அந்த அம்மாவின் படத்தைக் காட்டியபோது திடுக்கிட்டேன். வடக்கு இத்தாலியில் நான் வேலை பார்த்த ஓட்டலுக்கு எதிரே ஒரு நாடகசாலை. அதன் சுவரில் இதே முகம், வயது குறைவாக, கிரீடம் வைத்திருந்தது. லிவியா மொராந்தி. துறைமுக ஊர் ஒன்றில் ரொட்டி சுடுகிறவரின் மகள். மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர். பெரிய பாடகி ஒருத்திக்குக் காய்ச்சல் வந்த அன்று மாற்றாளாக மேடையேறி, விடிவதற்குள் பெயர் வாங்கிவிட்டார். வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகங்கள். மிலானிலும் வியன்னாவிலும் முப்பது வருடம் அவற்றில் ராணியாகவும் வேலைக்காரியாகவும் பாடினார், பாடிக்கொண்டே செத்தார், மறுநாள் மறுபடி வந்து செத்தார். பிறகு ஒருநாள் உச்சத்தில் குரல் உடைந்தது. மேல்மாடத்துக் கூட்டம் சீட்டியடித்துக் கேலி செய்தது. அதோடு பாடுவதையே விட்டுவிட்டு, தன்னை யாருக்கும் தெரியாத ஊரைத் தேடி வந்தவருக்கு அருணகிரியின் மாடி கிடைத்திருக்கிறது.

பழைய வீடியோ ஒன்றை அருணகிரிக்குக் காட்டினேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டும் இடம் வரை பார்த்தார்.

"மைக்கு எங்கம்மா?"

"மைக்கே இல்ல மாமா. அங்க வெறும் தொண்டதான்."

"கடேசில ஒக்காந்துனு இருக்கறவனுக்கு?"

"அவனுக்கும் கேக்கும்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த ஒயரைப் பிரித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

"அந்தம்மா தள்ளித் தள்ளித்தான் போச்சு. நான்தான் வுடல" என்றார். "எத்தினி வருசம் கழிச்சுப் பாட வந்துச்சோ. அதப் போயி ஊளையாக்கிட்டேன். பத்தாததுக்குப் பொய்யி வேற."

அதன் பிறகு அவர் யார் குரலையும் எடை போட்டு நான் கேட்கவில்லை. வேப்பமரத்தில் குழாய் கட்டச் சொன்னால் புளியமரத்தைக் காட்டினார். லிவியா அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பெல்லாம். நம்பர் பச்சையம்மாளின் போனில் இருந்தது. ஊருக்கே மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர், குரல் செய்தி அனுப்பப் போனை வாயருகே பிடிப்பார், செருமுவார், பேசாமலே பதிவை அழித்துவிடுவார்.

"ஏன், ஒனக்கும் யூனிட் போயிடுச்சா?" என்பார் பச்சையம்மாள்.

நடுவில் நான் இரண்டு தரம் ஊரைவிட்டுப் போய் வந்துவிட்டேன். இந்த ஆடிக்கு இங்கேதான் இருந்தேன். அருணகிரி புளியமரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது, பச்சையம்மாள் போனை நீட்டியபடி ஓடி வந்தார். லிவியா அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. அரைகுறைத் தமிழ்.

"அருணகிரி சார், யூனிட் புதுசு போட்டாச்சா? நான் ஒடைச்சது. அப்பவே கேக்கணும். வெக்கம், கேக்கல. மன்னிச்சுக்குங்க."

அவர் அதை இன்னொரு தரம் கேட்கவில்லை. குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய், வேப்பமரத்தில் ஏறிக் கட்டினார். செட்டைப் போட்டார். பச்சையம்மாளின் போனை என் கையில் கொடுத்து, பதிவு செய்யும்படி குழாயை நோக்கிப் பிடிக்கச் சொன்னார். கூழுக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமான 'அலோ, மைக் டெஸ்டிங்' வரவில்லை.

"அதே பழைய யூனிட்டுதாம்மா" என்றது குழாய், மலைப்பக்கம் வரை. "அது போவவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

பிறகு மேடையேறி, மைக் ஸ்டாண்டைத் தூக்கி, அந்த அம்மா அன்று நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளி வைத்தார்.