கனு நாளில் கண்ட அன்னங்கள்

1995 ஜனவரி, பொங்கலுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போது கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் இருந்தோம். உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டுமென்று பறவைகளுக்குச் சோற்று உருண்டை வைக்கும் கனு நாள். அபார்ட்மென்ட் பால்கனியில் வைத்தால் மேனேஜர் திட்டுவார். ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணினால், அறுவடை முடிந்து தண்ணீர் தேக்கிய நெல்வயல்களில், ஆர்க்டிக்கிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கும் காட்டு அன்னங்களைப் பார்க்கலாம் என்று கணவரின் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். மஞ்சளும் சிவப்புமாக உருண்டைகள் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு விடியும்போதே கிளம்பினோம்.

"காக்காவுக்கு வெக்கிறத அன்னத்துக்கு வெச்சா, உங்கண்ணனுங்களுக்கு எக்ஸ்ட்ரா ஆயுசா?" என்று கணவர் வழியெல்லாம் கேலி செய்தார்.

வயலில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். அன்னங்களின் குரல்கள் மட்டும் கேட்டன, நூற்றுக்கணக்கில். வரப்பில் அலுமினியத் தாளை விரித்து உருண்டைகளை வைத்து, அண்ணன்கள் இருவரையும் நினைத்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது மகள் பக்கத்தில் இல்லை. ஓர் உருண்டையும் குறைந்திருந்தது.

காரில் கேமராவைத் தேடிக்கொண்டிருந்த கணவர் ஓடிவந்தார். "உன்கூடத்தானே நின்னா?"

"நீங்க பாத்துக்கறீங்கன்னு நெனச்சேன்."

அந்த வரப்பு ஒரு பாசனக் கால்வாயில் போய் முடிகிறது. ஆள் மூழ்கும் ஆழம். வரும்போதே பார்த்திருந்தேன். பெயர் சொல்லிக் கத்தினோம். பறவைகளின் இரைச்சலில் எங்கள் குரல் எங்கும் போகவில்லை.

வரப்பின் மேல் ஓடினேன். கோடியில் அவள் அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்கும் கால்வாய்க்கும் நடுவே, அவள் உயரத்துக்குக் கழுத்தை நிமிர்த்திய இரண்டு அன்னங்கள். பால் வெள்ளை. கறுத்த அலகு, கண்ணோரம் ஒரு துளி மஞ்சள். பாதி விரித்த இறக்கைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறம் இன்னும் மாறாத, வளர்ந்த இரண்டு குஞ்சுகள்.

"அம்மா, ஷ்ஷ். அங்க பேபீஸ் இருக்கு" என்றாள் மகள்.

அவளை வாரி எடுத்தேன். அன்னங்கள் குஞ்சுகளை நடுவில் விட்டு, எங்களைப் பார்த்தபடியே மெல்லத் தண்ணீரில் இறங்கிப் பனிக்குள் மறைந்தன. மகளின் கைக்குள் உருண்டை பிசுபிசுத்துக் கிடந்தது.

அவை என் மகளைக் காக்க அங்கே நிற்கவில்லை, தங்கள் பிள்ளைகளைக் காக்கத்தான் நின்றன. தெரியும். ஆனால் அத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்தும் கண்ணயராத அந்தக் காவலை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. இப்போதும் கனு வைக்கிறேன், ஒரு கையில், வளர்ந்துவிட்ட மகளின் கையைப் பிடித்தபடி. அண்ணன்களுக்காக வேண்டும்போதுகூடக் கண்ணை மூடுவதில்லை.