ஆறு ஆண்கள் வந்த மகளிர் முகாம்

விழுப்புரத்தில் பதினோரு வருஷம் லேபர் வார்டில் நின்றவள் நான். மாமியார் படுக்கையில் விழுந்ததால் மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடினேன். மகளிர் நலப் பிரிவில்தான் சேருவேன் என்று பிடிவாதம். முதலில் போன நர்ஸிங் ஹோமில் பிரசவமும் பார்த்து, பில்லும் போடச் சொன்னார்கள். அடுத்த இடத்தில் என் அனுபவத்தையெல்லாம் கேட்டுவிட்டு, காலியாக இருப்பது பல் டாக்டர் ரிசப்ஷன் என்றார்கள். மூன்றாவது, திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி.

இன்டர்வியூ எடுத்தவர் பெரிய டாக்டரம்மாவின் தம்பி. எம்பிஏ படித்த மேனேஜர். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நம்ம ஸ்டேட் எகானமி பத்தி என்ன தெரியும் சிஸ்டர்?"

மகளின் பிளஸ் டூ புத்தகத்தில் எப்போதோ கண்ணில் பட்ட வார்த்தை கைகொடுத்தது.

"சர்வீஸ் செக்டார்தான் சார் பெருசு."

"எப்படிச் சொல்றீங்க?"

"நானே பதினோரு வருஷம் சர்வீஸ் சார்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் ஜோக் சொல்லவில்லை. வேலை கிடைத்தது, நிபந்தனையோடு. மகளிர் ஓபி காற்றாடுகிறது. மூன்று மாதத்தில் ஆள் வராவிட்டால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்களாம்.

மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இலவச முகாம் போட்டோம். மாநிலத்தில் வருமானம் உயர்ந்துவிட்டது, ஆகவே பெண்கள் உடம்பைக் கவனிக்கத் தானாக வருவார்கள் என்று மேனேஜர் லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார். காலை பத்து மணிக்கு ஷாமியானா, ஐம்பது நாற்காலி, பேனர் எல்லாம் தயார். பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தார்.

"எத்தினி பேர் வந்தாங்க?"

"ஆறு பேர் சார்."

"பரவால்ல, ஸ்டார்ட்டிங்தானே."

"ஆறு பேரும் ஆம்பளைங்க சார்."

அதில் ஐந்து பேருக்கு முழங்கால் வலி. ஆறாவது ஒரு பெரியவர். பெண்களுக்கான முகாம் என்று விளக்கினேன். சம்சாரத்துக்கு நேரமில்லை, அவளுக்குப் பதிலாக என் பிரஷரைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். எகிறிக்கிடந்தது.

அப்போது தலையில் குடத்தோடு ஒரு பெண் நிழலுக்கு ஒதுங்கினார். பெயர் அஞ்சலை, நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் கொல்லையில் நிலக்கடலை பிடுங்குபவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார். உதடு வெளுத்துக் கிடந்தது. விரலைக் குத்திப் பார்த்தேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது. ஒரு வருஷமாக மாதவிலக்கு பத்து நாளைக்கு மேல் நிற்காமல் போகிறதாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன்.

"மல்லாட்ட புடுங்கிக்கினு இருக்கோம் சிஸ்டர். பத்து மணிக்கு கேம்ப் போட்டா எவ வருவா? வயசுப் பொண்ணுங்கல்லாம் விடியக்காலமே கம்பெனி பஸ் ஏறிடுதுங்க. மீதிப் பேரு நூறு நாள் வேலைல இருக்காங்க. ஊட்ல இருக்கறது ஆம்பளைங்கதான்."

லேப்டாப்பில் இல்லாத எகானமி இது. நாற்காலிகளை அந்த ஆறு பேரிடமே விட்டுவிட்டு, பிரஷர் மெஷினையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அஞ்சலை பின்னால் நடந்தேன். சாப்பாட்டு நேரத்தில் புங்க மரத்தடியில் இருபத்துமூன்று பெண்களைப் பார்த்தேன்.

விஷயம் தெரிந்து மேனேஜர் காரில் வந்தார். யாரைக் கேட்டு முகாமை மாற்றினேன் என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கினார். மல்லாட்டை பிடுங்க வசதியாகத் தண்ணீர் கட்டிய கொல்லை. நாலாவது எட்டில் ஒரு ஷூ சேற்றோடு நின்றுவிட்டது. அவர் மட்டும் வந்தார். பெண்களின் வரிசையைப் பார்த்ததும் திட்டுவதை விட்டுவிட்டுத் தலைகளை எண்ண ஆரம்பித்தார். ஒரு கை மல்லாட்டையைக் கொடுத்து, நீங்கதான் கம்பவுண்டரா தம்பி என்று ஒரு பாட்டி விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பெயர் எழுதினார்.

அஞ்சலை மட்டும் அறுவடை முடியட்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவருடைய வேலையைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக மற்ற பெண்கள் சொல்லி, மேனேஜர் காரிலேயே ஏற்றிவிட்டார்கள். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றி, உடம்பு தேறியபின் டாக்டரம்மா ஆபரேஷன் செய்தார். பிழைத்துக்கொண்டார். மகளிர் ஓபியும் கம்பெனி பஸ் திரும்பும் சாயங்காலத்துக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது.

புதிதாக வரும் நர்ஸுகளுக்கு நான் சொல்வது இதுதான். பெண்கள் வரவில்லையென்றால் அவர்களுக்கு அக்கறையில்லை என்று ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள். அந்த நேரத்தில் எங்கே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்து அங்கே போங்கள். எங்கள் மேனேஜரும் இதைக் கற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் முகாம் தேதி குறிக்கும் முன் அஞ்சலைக்குத்தான் போன் போடுகிறார்.