திருஷ்டிப் பூசணிக்காயை யார் அள்ளுவது?

போன கார்த்திகை அமாவாசை. மதியம். என் வீட்டுக்காரர் சேகர் பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். "தலையில அடி. முழிச்சுப் பேசட்டும், அப்பதான் எதுவும் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன். எல்லையம்மன் பிள்ளைகளே, என் பெயர் திலகா, எண்ணூர்க் குப்பத்துக்காரி. அம்மா எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் போனால் என் கட்டை வேகாது.

அவரை லாரி இடிக்கவில்லை, பஸ் இடிக்கவில்லை. ஒரு பூசணிக்காய் சாய்த்துவிட்டது.

மணலி ரோட்டுப் பக்கம் ஒரு குடோனில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. நான் உள்ளே பெட்டி கட்டுகிறேன். அவர் அதை வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆற்றில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் சேர்ந்து மீன் குறைந்த பிறகு வலையை வைத்துவிட்டு வந்த வேலை. என் ஓரகத்தி கஸ்தூரியும் அங்கேதான். வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, பக்கத்து வீடு. அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான். எனக்குப் பின்னால் வந்தவளை, யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் போட்டார்கள். ஆரஞ்சு கோட்டு, கழுத்தில் விசில். எனக்கு ஒன்றும் இல்லை.

வயிறு எரிந்தது! மழையில் நனைந்து டெலிவரி ஆட்கள் உள்ளே வந்தால் மாப்போடு பின்னாலேயே வருவாள். எண்ணெய் டின் ஒழுகினால் மரத்தூளைக் கொட்டுவாள். தேய்ந்த செருப்போடு யார் வந்தாலும் வாசலிலேயே விசில். "இன்னாமே திலகா, செருப்பு வழவழன்னு கீது. வேற போட்டுக்கினு வா" என்று எல்லோர் எதிரிலும் என்னையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சேர்த்துவிட்டவளையே! வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் முன்னால் நின்று நான் என்ன கேட்டேன் தெரியுமா? அந்தக் கோட்டு எனக்கு வேண்டும் தாயே, அவள் என்ன பெரிய இவளா என்று. அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் குடோனில் அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைப்பார்கள். உள்ளே குங்குமம் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, சுற்றி, வண்டிகள் இறங்கும் சரிவின் கீழே ஓங்கி ஒரே போடு. உடைத்ததை யாரும் தொடமாட்டோம். திருஷ்டி கழித்ததைத் தொட்டால் ஊர்க் கண்ணெல்லாம் தொட்டவர் தலையில் என்று எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். வெயில் காய வைத்தால் உண்டு, லாரி நசுக்கினால் உண்டு. கஸ்தூரி மட்டும் முறத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, தரையைக் கழுவி மணல் தூவுவாள். "வேணாங்க்கா, கண்ணெல்லாம் உன் மேல வந்துடும்" என்று ஒருநாள் சொன்னேன். "ஏற்கெனவே உன் கண்ணு கீதே, அத்த வுட இன்னாமே வரப்போவுது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கார்த்திகை அமாவாசைக்கு அவளுக்குக் காய்ச்சல், லீவு. அப்பாடா என்றிருந்தது எனக்கு. காலையில் காய் உடைத்தார்கள். தூறல் வேறு. சதையும் விதையும் சரிவின் கீழே பரவிக் கிடந்தன. எல்லோரும் சேலையைத் தூக்கிக்கொண்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு சுற்றிப் போனோம். வண்டிக்குச் சுற்ற இடம் ஏது? பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவர் சரிவில் இறங்கினார். முன் சக்கரம் சதையில் ஏறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

வராந்தாவில் எனக்குக் கோட்டும் ஞாபகமில்லை, விசிலும் ஞாபகமில்லை. "தாயே, ஒரே ஒரு வார்த்தை. அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரட்டும்" என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். கஸ்தூரி காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓவென்று அழுதாள். என் புருஷனுக்கு இவள் ஏன் இத்தனை அழ வேண்டும் என்று அப்போதும் எனக்கு எரிந்தது.

சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டார். ஓடினோம். கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"அண்ணி" என்றார்.

அடப்பாவி மனுஷா! தாலியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், நீ அவளையா கூப்பிடுகிறாய்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லச் சொன்னார். "அண்ணிதான் காலைல வாரு மாட்டி வுட்டாங்க."

ஹெல்மெட்டின் வாரை மாட்டவே மாட்டார் அவர். தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று காலையில் கஸ்தூரி படுக்கையிலிருந்து எழுந்து வந்து தெருவில் வண்டியை மறித்திருக்கிறாள். "சேகரு, நில்லு. இன்னிக்கு நான் அங்க இல்ல" என்று தன் கையாலேயே மாட்டி இறுக்கியிருக்கிறாள். ஹெல்மெட் கழன்று போயிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

நான் அழுது கேட்பதற்கு முன்னாலேயே, காலையிலேயே அம்மா வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். கஸ்தூரியின் கையால்! உனக்கு வேறு கையே கிடைக்கவில்லையா தாயே? ஒரு வார்த்தை கேட்டேன், கொடுத்துவிட்டாள். என் பெயராக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லையே. கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா" என்றேன். "வுடுமே, ஜொரம் உனக்கும் ஒட்டிக்கப் போவுது" என்றாள்.

இப்போது அவர் மறுபடி வண்டி ஓட்டுகிறார். கோட்டு இன்னும் கஸ்தூரியிடம்தான். பொறாமை போய்விட்டது என்று நான் சொன்னால் அம்மா சிரிப்பாள். ஆனால் அடுத்த அமாவாசைக்குக் கற்பூரம் அணைவதற்குள் முறத்தோடு போய் நின்றது நான். அவளுக்கு முன்னால்! தாயே தாயே என்று சொல்லிக்கொண்டே வெறும் கையால் அள்ளினேன். கஸ்தூரி வந்து பார்த்தாள். பாராட்டுவாள் என்று பார்த்தால், "ஓரத்துல வெதை கீது பாரு" என்றாள். கடுப்போடு அதையும் பொறுக்கினேன். மணலும் போட்டேன். மாதா மாதம் நான்தான் அள்ளுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேளுங்கள், அம்மா தருவாள். யார் கையால் தருவாள் என்பது அவள் இஷ்டம், அதில் நாம் முறைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவளை நம்பி உடையுங்கள், அவளை நம்பியே உடனே அள்ளிவிடுங்கள். பின்னால் யாரோ ஒருத்தியின் புருஷன் வண்டியில் வந்துகொண்டிருப்பார்.