சாக்குக்கு அடியில் ஒரு சீப்பு மட்டி

போன செவ்வாய்க்கிழமை எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று என் கள்ளத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது. அதுவும் ஓடுகிற பஸ்ஸில், அத்தனை பேர் முன்னால்! உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடை. முதலாளி காலையில் வந்து சாமிக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போய்விடுவார். மற்றபடி கடை என்றால் அங்கே வேலை பார்க்கிற தாசன்தான். நாற்பது வயது. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வழுக்கை. தங்கமான மனசு.

இந்த வருஷம் காற்றில் வாழையெல்லாம் சாய்ந்து, மட்டிப்பழத்துக்கு ஒரே தட்டுப்பாடு. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை — மட்டி என்பது எங்கள் ஜில்லாவின் விரல் நீள வாழைப்பழம். பிள்ளைகளுக்கு முதன்முதலில் மசித்து ஊட்டுவது இதைத்தான். ஒரு சீப்பு வீட்டில் இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும், அப்படி ஒரு மணம். இப்போது கடைக்கு வருவதே ஒரு சீப்பு... மிஞ்சினால் இரண்டு.

ஆனால் எனக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை. எப்படி? சரக்கு வந்ததும் தாசன் ஒரு சீப்பைத் தராசுக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடுவான். எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். மணி அடித்து நின்றதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் சுசீந்திரத்தில் பஸ் ஏறிவிடுவேன்.

இது தப்பா? எல்லாருக்கும் உள்ள விலைதான் எனக்கும். அவன் மாமியாருக்கு முட்டுவலி என்றதும் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். போகும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பதும் நான். தெரிந்தவர்களுக்கு எடுத்து வைக்காமல், பின்னே தெரியாதவர்களுக்கா எடுத்து வைப்பார்கள்? இப்படித்தான் நினைத்துக்கொண்டு சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் சீப்பைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அஞ்சுகிராமம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் குழந்தை. வாடிப்போன குழந்தை. பஸ் கோட்டாறு தாண்டியிருக்காது... அது மூக்கைச் சுருக்கியது, சாய்ந்தது, என் பையை எட்டிப் பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் விடவில்லை. பிடி என்றால் டிக்கெட் செக்கர் பிடி!

“ஆச்சி, மட்டி மணமுல்லா அடிக்கு?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமா மக்கா... கொஞ்சம்போல.” சீப்பில் பதினாறு இருந்தது.

“எங்க கிடைச்சு? நான் மயிலாடில இருந்து நாலு நாளா வந்துட்டு வந்துட்டுப் போறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பொறவு ஒண்ணும் எறங்க மாட்டேங்கு. ஏத்தங்காய்ப் பொடியக் கஞ்சியாக் காச்சிக் குடுத்தா துப்புகான். மட்டின்னா ரெண்டு வாய் திம்பான். இங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வழுக்கைத்தலை அண்ணன், ‘நாளைக்குப் பழுக்கும், நாளைக்கு வாங்க’ன்னே சொல்லுகாரு. இன்னைக்கும் அதான் சொன்னாரு.”

அந்த நாலு நாளில் எனக்கு இரண்டு மிஸ்டு கால்!

சீப்பைப் பையோடு அவள் மடியில் வைத்துவிட்டேன். ஒரு பழத்தை உரித்து நசுக்கி ஊட்டினாள். இரண்டு வாயா? முழுப்பழமும் போயிற்று. அடுத்ததற்கும் கை நீட்டினான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க நல்லாருக்கணும் ஆச்சி” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் செல் நம்பரைக் கேட்டு, டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் காலையில் நேரே தாசனிடம் போய் நின்றேன்.

“லேய், அந்த மயிலாடிப் பிள்ளைகிட்ட என்னத்துக்குலே நாளைக்கு நாளைக்குன்னு சொன்ன?”

“பின்ன? கைப்பிள்ளையோட நிக்கா. மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல மனசு வரல ஆச்சி.”

“அதுக்கு நாலு நாளு பஸ்ஸுல அலைய விடுவியா? கொள்ளாமே, ரொம்ப நல்ல மனசுதான் ஒனக்கு!”

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “அப்பிடியா? சாக்கத் தூக்கிப் பாத்து, ‘எனக்க தாசன் தாசன்தான்’னு சிரிச்சது யாராக்கும்? நானா?”

நம்பர் எழுதிய டிக்கெட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பதில் இல்லாதபோது உத்தரவு போட்டுவிட வேண்டும். போட்டேன்.

“இனி மிஸ்டு காலு இந்த நம்பருக்கு. வேற யாரு கேட்டாலும் இல்லன்னா இல்லன்னு மொகத்தப் பாத்துச் சொல்லு. நாளைக்குன்னு இழுக்கப்பிடாது.”

“உங்ககிட்டயுமா?”

“எங்கிட்டயுந்தாம்லே!”

கவனித்தீர்களா? சாக்கை எடுத்துப் போடு என்று நான் சொல்லவில்லை. சாக்கு அங்கேயேதான் இருக்கிறது... அடியில் இருக்கிற சீப்பு யாருக்கு என்பதைத்தான் மாற்றினேன். என் பக்கத்தில் உட்கார்ந்ததால் இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது. வேறு பஸ்ஸில் ஏறிய பிள்ளைக்கு? என் நாலாம் கிளாஸ் படிப்புக்கு அதற்கு மேல் எட்டவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. தெரிந்த முகத்துக்கு எடுத்து வைப்பது பிரியம்தான். ஆனால் அந்தப் பிரியத்துக்கு டிக்கெட் எடுத்து அலைவது ஏதோ ஒரு தெரியாத முகம்.

நேற்று டவுனுக்குப் போனவள் சும்மா கடையை எட்டிப் பார்த்தேன். உள்ளே கால் வைக்கும் முன்பே மணம் தூக்கியது. சாக்கும் கொஞ்சம் புடைத்துக்கொண்டுதான் இருந்தது.

“தாசா, மட்டி உண்டாலே?”

என் முகத்தை நேராகப் பார்த்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“இல்ல ஆச்சி.”

சொன்ன பேச்சைக் கேட்கிறவன்தான்... அதற்காக இவ்வளவு சுத்தமாகவா கேட்பது!