அரை மூச்சு

முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டே, "ஏங்க, அங்கனயே நில்லுங்க. வேலைக்குக் கெளம்புற நேரத்துல கிட்ட வராதீங்க" என்கிறார் செபாஸ்தியம்மாள். பின்வாசலில் நிற்கும் அந்த ஆபத்தான நபர் வேறு யாருமல்லர், அவரைக் கைப்பிடித்த சேவியர்தான். சட்டையெல்லாம் மாவு. எரியோடு ஊரில் தினமும் நூறு பாக்கெட் இட்லி மாவு அரைத்து விற்பவர் மீது வேறு என்ன ஒட்டியிருக்கும்?

செபாஸ்தியம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. பதினெட்டு வருடம் நூற்பாலையில் நூல் சுற்றினார். நான்கு வருடமாக வேடசந்தூர் சாலையில் ஒரு சின்ன ஆலையில் ஈஸ்டுக்குச் சோறூட்டுகிறார். மணி உதிர்த்தபின் அடுப்புக்குப் போகவிருந்த மக்காச்சோளச் சக்கையை அமிலத்தில் வேகவைத்து, புளிப்பை முறித்து வடிகட்டினால் ஒரு சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும். அதைத் தொட்டியில் ஊற்றி ஈஸ்டைக் கலந்தால், மூன்று நாளில் அது சைலிட்டால் என்ற இனிப்பாகும். சீனியைக் கண்டு அஞ்சுபவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

சூட்சுமம் காற்றில் இருக்கிறது. ஆலையைப் பார்க்க வருபவர்களிடம் அவர் ஒளிப்பதில்லை. "நெறையக் காத்து விட்டா, எல்லாத்தையும் தின்னுட்டுப் புள்ளகுட்டியப் பெருக்கிக்கிட்டுக் கெடக்கும். காத்தே விடலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்துரும். அர மூச்சு குடுக்கணும். அப்பத்தான் வழிக்கு வந்து இனிப்பக் குடுக்கும்." பொறியியல் படித்தவர்கள் இதையே எட்டுப் பக்க வரைபடத்தில் சொல்கிறார்கள். வரைபடத்தில் கோடு வளைவதற்கு முன்பே இவர் கை வால்வுக்குப் போய்விடுகிறது.

மாவைப் புளிக்கவைக்கும் கிருமி தொட்டிக்குள் புகுந்தால் அம்புட்டும் சாக்கடைக்குத்தான். ஆகவே தொட்டி ஓடும் நாட்களில் வீட்டில் எல்லை பிரிக்கப்படுகிறது. முன்னறை மனைவிக்கு, கிரைண்டர் இருக்கும் பின்கட்டு கணவருக்கு. இட்லி, தோசை, தயிர் மூன்றையும் செபாஸ்தியம்மாள் துறந்துவிட்டார். மாவு வியாபாரியைக் கட்டிக்கொண்டு கோதுமை உப்புமாவில் காலம் தள்ளும் வேறொரு பெண்மணி இந்தச் சீமையில் இருப்பதாகத் தகவல் இல்லை. தம்பதிக்குள் ஏதோ மனக்கசப்பு என்று ஊரில் பேச்சுக் கிளம்ப, பங்குத்தந்தையே சமரசத்துக்கு வந்தார். அரை மணி நேரம் ஈஸ்ட் உபதேசம் கேட்டு, இரண்டு பாக்கெட் மாவோடு திரும்பினார்.

"ரெண்டு புள்ளையப் படிக்க வச்சது இந்த மாவு. இப்ப என்னையவே கிருமிங்கிறா, சாமி" என்று அவரிடம் முறையிட்டார் சேவியர்.

"உங்கள யாரு சொன்னா? உங்க கையச் சொன்னேன்" என்றார் மனைவி.

இவ்வளவு தவத்துக்கும் பலனாகச் சென்ற மாதம் அடுத்தடுத்து இரண்டு தொட்டிகள் புளித்துப்போயின. மேலாளர் மணிமாறன், முப்பது வயதுக்காரர், கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல மாவு அரைக்கிறாங்க. இன்னொரு தொட்டி புளிச்சுச்சுன்னா நீங்க பேக்கிங் பக்கம் போயிருங்க."

பேக்கிங் என்றால் பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது.  செபாஸ்தியம்மாள் நேரே காலித் தொட்டியிடம் போய், அதைச் சுற்றித் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். சாம்பிள் எடுக்கும் குழாய்க்கு நேர் கீழே நான்கு எறும்புகள். அன்று காலைதான் கழுவிவிட்ட தரை.

"பொன்னழகு, இந்தக் குழாயக் கழட்டு" என்றார் ஃபிட்டரிடம்.

"போன மாசந்தானேக்கா புது ரப்பர் போட்டேன்?"

"நீ போட்டது எறும்புக்குத் தெரியாது போல. கழட்டு அப்பு."

கழற்றினால், ரப்பர் வளையத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல். அதற்குள் பழைய சாறு உறைந்து, நாள்பட்ட மாவு போல நாறியது. சேவியர் குற்றமற்றவர் என்று செபாஸ்தியம்மாள் அங்கேயே தீர்ப்பளித்துவிட்டார். மணிமாறனுக்கு விரிசல் மட்டும் போதவில்லை. "தொட்டி சொல்லட்டும்க்கா" என்றார்.

வளையம் மாறியது. நீராவி விட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்து, மூன்றாவது ஓட்டம் ஆரம்பமாயிற்று. செபாஸ்தியம்மாள் வழக்கம்போல உப்புமா தின்றார். 

முந்தைய இரண்டும் இரண்டாம் நாள் மதியமே புளித்திருந்தன. இந்த முறை அதே நேரத்துக்கு, ஆய்வகத்துக் கீர்த்தனா பரிசோதனைச் சீட்டை ஆட்டிக்கொண்டு, தொட்டியின் மேல்தட்டில் நின்ற செபாஸ்தியம்மாளிடம் ஓடி வந்தாள். "அக்கா, துளிக்கூடப் புளிப்பு இல்ல! இனிப்பும் இம்புட்டு சீக்கிரம் கூடுனதே இல்ல!"

பொன்னழகு கைதட்டினார். பேக்கிங் பெண்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணிமாறன் இரும்புப் படியேறி வந்து, தொண்டையைச் செருமினார்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நான் என்ன சொல்ல வாரேன்னா…"

செபாஸ்தியம்மாள் திரும்பாமலே இடது கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். காற்றுக் குழாயில் காதை ஒட்டிவைத்து, வலது கையால் வால்வை ஒரு நூலளவு மூடினார்.