போர்டுக்கு வைத்த சந்தனம்

சூலக்கரைக்குப் பக்கத்தில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வேலை பிளாஸ்மா மெஷினில். போர்டை உள்ளே வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, மின்சாரம் கொடுத்தால் ஊதா வெளிச்சம் பரவும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய்விடும். அதன்பின் அடிக்கிற கோட்டிங் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஈரமும் தூசியும் அண்டாது. ஆனால் வெளியே எடுத்த போர்டில் விரல்கூடப் படக் கூடாது.

அண்ணாச்சிக்கோ ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் போர்டு இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் போய்ச் சந்தனப் பொட்டு வாங்கியாக வேண்டும். கோட்டிங் அடித்த பிறகு வைத்தால் சந்தனம் உதிர்கிறதாம். அதனால் மெஷினிலிருந்து வந்ததுமே தூக்கிக்கொண்டு போவார்.

"எம்புட்டு அழகா ஒட்டுது பாத்தியா!" என்று பூரிப்பு வேறு. ஒட்ட வைக்கத்தானே ஐயா அந்த மெஷினே! பிறகு வேட்டி நுனியால் துடைத்து என் மேசையில் போடுவார். அவர் தலை மறைந்ததும் நான் கழுவி, மறுபடி மெஷினில் வைப்பேன்.

அன்றைக்கு அவர் நகரவில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை மாதிரிக்குக் கேட்டிருந்த ஒரே ஒரு போர்டு அது. மருந்து கலக்கும் அறையில் சூடு ஏறினால் அலற வேண்டிய பெட்டிக்கு. மருந்துத் தூசி இறங்கினால் பெட்டி ஊமையாகிவிடும். அந்த அறையில்தான் என் அம்மா வேலை பார்த்தாள்.

"கழுவித் திரும்ப வைக்கணும் அண்ணாச்சி. அரை மணி நேரம் குடுங்க."

"சாமிக்கு வச்சதக் கழுவுவியா? நல்ல நேரம் முடியுது, கோட்டிங்க அடி."

"அந்த ரூம்ல எங்கம்மா இருக்காக."

"அப்ப ஆத்தாவுக்கு வச்சது இன்னும் நல்லதும்மா."

அடித்தேன். காய்ந்ததும் டேப்பை ஒட்டி உரித்துக் காட்டினேன். சந்தனம் இருந்த இடத்தில் கோட்டிங் டேப்போடு வந்தது.

"பிச்சு எடுத்தா தோலுகூடத்தான் உரியும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிசுக்கைக் கழுவாமலே அந்த ஓட்டை மேல் கொஞ்சம் கோட்டிங்கைத் தடவிவிடச் சொன்னார். தடவியதும் நான்தான். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் அருவருப்பு.

மறுவாரம் ஊரிலிருந்து அம்மா ஃபோன் செய்தாள்.

"ஒங்க கம்பெனிப் பெட்டிய மாட்டிட்டாகம்மா. நீ செஞ்சதுல்ல, அதான் அதுக்கு நேர் கீழயே எடம் கேட்டு வாங்கிட்டேன்."